செருகினால் மட்டும் வரும் இரைச்சல்

எதையாவது பழுதாகக் கிடக்க விட்டுவிட்டு இர்மேலியால் சும்மா உட்காரவே முடியாது. கதவுக் கீல் கிறீச்சிட்டால் அது தன் வீட்டுக் கதவா அடுத்த வீட்டுக் கதவா என்றெல்லாம் பார்க்கமாட்டாள், எண்ணெய்க் குப்பியோடு போய் நின்றுவிடுவாள். அறுபத்தொரு வயதாகியும் கைகால் ஓயவில்லை. புருஷன் தைஸ்டோ இதற்கு நேர் எதிர். ஆடுகிற நாற்காலியில் ஆடிக்கொண்டே காபி குடிக்கிற ஆள். இந்த இரண்டு பேரும் முப்பத்தாறு வருஷமாக எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று வடக்குப் பனிதேசத்துக் கயானி ஊரில் யாருக்கும் இன்றுவரை புரிந்ததில்லை.

திங்கட்கிழமை தைஸ்டோ காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தான். மேஜைமேல் கிடந்த அவன் போன் அடித்தது. இர்மேலிதான் எடுத்தாள். அடுத்தவர் போன் அடித்தாலும் அவளால் அடிக்க விடமுடியாது.

"கார் ஆடியோ கடைலேருந்து யென்னி பேசறேன். ஸ்பீக்கர்ல இரைச்சல் வருதுன்னு சொல்லியிருந்தீங்களே, நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு எடம் காலி. வண்டிய எடுத்துட்டு வரீங்களா?"

"வரேன்" என்றாள் இர்மேலி.

போர்வைக்குள்ளிருந்து தைஸ்டோ விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். காய்ச்சல்காரன் அப்படி எழுந்து அவள் பார்த்ததில்லை.

"அதெல்லாம் வேணாம் இர்மேலி. எனக்கு ஒடம்பு தேறட்டும், நானே போய்க்கறேன்."

"நீ தேறி, நீ போயி, அது ரிப்பேராகி! நான் போறேன்."

"சின்ன இரைச்சல்தான். தானா போயிடும்."

"இரைச்சல் என்ன உன் சளியா, தானா போக?"

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இருமல் வந்து அமுக்கிவிட்டது. மறுநாள் காலை அவள் கிளம்பும்போது சாவியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தான். அவள்தான் விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டாள். பாவம், ஜுரத்தில் பிதற்றுகிறான் என்று நினைத்தாள்.

வெளியே மைனஸ் இருபத்து நாலு டிகிரி. அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இந்தக் குடியிருப்புக்கு மாறியதே அடியில் இருக்கிற சூடான கார் நிறுத்தத்துக்காகத்தான். பழைய வீட்டில் இருந்தபோது இஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க ராத்திரி முழுக்க வண்டியை முற்றத்து மின்கம்பத்தில் ஒயரால் செருகி வைக்கவேண்டும், காலையில் விரல் விறைக்க அதைப் பிடுங்கவேண்டும். அந்தத் தொல்லை விட்டது என்று இர்மேலி போகிற இடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வாள்.

யென்னிக்கு முப்பது வயசு இருக்கும். மூக்கில் வளையம், கையில் ஸ்க்ரூ டிரைவர், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு ஆணி. வண்டியைப் பட்டறைக்குள் விட்டதும் இஞ்சினைப் போட்டு, பாட்டை நிறுத்தி, ஒலியை மட்டும் முழுக்கத் திருப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். விட்டாள். மறுபடி மிதித்தாள்.

"ஒண்ணுமே இல்லியே. பொதுவா இஞ்சின் இரைச்சல்னா இத மிதிக்க மிதிக்கக் கொசு மாதிரி மேல ஏறும். இது கப்சிப்னு இருக்கு. எப்ப வருது இது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஏறினா அவன் பாட்டே போடமாட்டான்."

"ஏன்?"

"நான் பேசிட்டு வருவேன்."

யென்னி சிரிப்பை ஆணியோடு சேர்த்துக் கடித்துக்கொண்டாள். "அவருக்கு ஒரு போன் போடுங்களேன். எப்ப வருதுன்னு தெரியாம இரைச்சலத் தேடறது இருட்டுல ஊசி தேடற கதை."

இர்மேலி போட்டாள். ஆறேழு தடவை மணி அடித்த பிறகு எடுத்தான்.

"தைஸ்டோ, இரைச்சல் எப்ப வருது?"

"எப்பவும்."

"ஓட்டும்போதா, நிக்கும்போதா?"

"ஓட்டும்போது." கொஞ்சம் பொறுத்து, "நிக்கும்போதும்."

"இஞ்சின் ஓடறப்பவா?"

"ஆமா ஆமா. எனக்குத் தல சுத்துது, வெச்சுடறேன்."

அவன் சொன்னதை நம்பி யென்னி வேலையை ஆரம்பித்தாள். முன்பக்க மூடியைக் கழற்றினாள். ரேடியோவை வெளியே இழுத்தாள். டிக்கியில் இருந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டாள். தரைவிரிப்பைத் தூக்கினாள். கடைசியில் முன் இருக்கையையே, ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கிறதே அதை, நாலு போல்ட்டைக் கழற்றித் தூக்கி ஓரமாக வைத்தாள். மணி பன்னிரண்டே கால். வண்டி குடல் சரிந்த மாதிரி கிடந்தது. இரைச்சலைக் காணோம்.

இர்மேலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டறையில் இருந்த ஸ்க்ரூ டப்பாக்களை எல்லாம் அளவு வாரியாக அடுக்கிவிட்டாள். "அது அப்படித்தான் இருக்கணும்" என்று யென்னி சொன்னதும் திரும்பக் கலைத்து வைத்தாள். கலைத்து வைப்பது அடுக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, இருக்கை இருந்த இடத்தைக் கூட்ட ஆரம்பித்தாள்.

"உங்க வீட்டுக்காரர் சும்மா சொல்றாருன்னு நெனைக்கறேன்" என்றாள் யென்னி.

"தைஸ்டோவா? அவனுக்குப் பொய் சொல்லவே வராது. சொன்னா காது செவந்துடும்."

"போன்ல காது தெரியாதே."

இர்மேலி கூட்டிக்கொண்டே இருந்தாள். பிரஷ்ஷில் திராட்சை வந்துகொண்டிருந்தது. உலர்ந்த திராட்சை, ஒன்றிரண்டு அல்ல, ஒரு கைப்பிடி. பிஸ்கட் தூள். தைஸ்டோ திராட்சையைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பான், ரொட்டியில் இருந்தால்கூடப் பொறுக்கி ஓரம் வைக்கிற ஆள். இருக்கைத் தண்டவாளத்தின் இடுக்கில் சிவப்பாக ஏதோ சிக்கியிருந்தது. இழுத்தாள். கம்பளிக் கையுறை. அவளுடைய கட்டைவிரல் மட்டும்தான் அதற்குள் போகும்.

முந்தின சொந்தக்காரனுடையதாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் இந்த வண்டிக்கு முந்தின சொந்தக்காரனே கிடையாது.

"அட!" என்று டிக்கியிலிருந்து யென்னி கத்தினாள். "இது செருகற வண்டியா? சொல்லவேயில்லையே நீங்க!" சுருட்டிய கறுப்பு ஒயரைத் தூக்கிக் காட்டினாள். பழைய வீட்டுக் காலத்து ஒயர்.

"அத யாரு இப்ப தொடறா? எங்க வீட்டுல சூடான நிறுத்தம் இருக்கு. மூணு வருஷமா அது தூங்குது."

"தூங்குதா?" யென்னி ஒயரின் நுனியை விளக்குக்குக் கீழே பிடித்தாள். "மூணு வருஷம் தூங்கினா பச்சைக் களிம்பு புடிச்சிருக்கும். இது பளபளன்னு தேஞ்சிருக்கு பாருங்க. சுருளுக்குள்ள பனி ஈரம் இன்னும் முழுசா காயல. ரெண்டு நாள்தான் ஆகியிருக்கும்."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தாள். ஏதோ பிடிபட்டுவிட்டது அவளுக்கு. இஞ்சினை அணைத்தாள். ஒயரை முன்பக்கத்துத் துளையில் செருகி, மறுமுனையைப் பட்டறைச் சுவரில் செருகினாள். கழற்றிய இருக்கை இருந்த இடத்துக்கு முன்னால் சின்னப் பெட்டி மாதிரி இருந்த ஹீட்டரின் விசிறி சுழல ஆரம்பித்தது. ரேடியோவைப் போட்டாள்.

நாலு ஸ்பீக்கரிலிருந்தும் ம்ம்ம்ம் என்று ஒரு முனகல் வந்தது. தடிமனான, ஏறாத, இறங்காத முனகல். ஒயரைப் பிடுங்கினாள், நின்றது. செருகினாள், வந்தது.

"மாட்டினடா மவனே!" என்று யென்னி ஒரு குதி குதித்தாள். "ஒயரச் செருகினா ஓடற பேட்டரி சார்ஜரோட எர்த் ஒரு எடத்துல, ஆம்ப்ளிஃபயரோட எர்த் இன்னொரு எடத்துல. நடுவுல சண்ட. ரெண்டையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டு வந்தா முடிஞ்சது, கால் மணி நேர வேல. ஓட்டும்போது வருமாம்! ஓடற வண்டிய யாராவது சொவத்துல செருகுவாங்களா? இது எங்கியோ நிப்பாட்டி, செருகி, ஹீட்டரப் போட்டு, உக்காந்து பாட்டு கேக்கறவங்களுக்கு மட்டும்தான் கேக்கும். அதுவும் மணிக்கணக்குல உக்காந்தாத்தான் எரிச்சல் வரும்."

அப்போதுதான் தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

இர்மேலி ரெண்டு நாள் பின்னால் எண்ணிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் பத்து மணிக்கு ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பி, நாலு மணிக்குக் கையை வீசிக்கொண்டு வருவான். 'மீனுக்குக்கூட உன்ன வேண்டாம் போல' என்று அவளும் சிரிப்பாள். அவனும் சிரிப்பான். எங்கே உட்காருகிறான் இந்த மனுஷன்? யார் வீட்டு மின்சாரத்தில்? அறுபத்து மூணு வயதில் இவனுக்கு எவள் கிடைத்தாள்? நினைத்த மாத்திரத்தில் அவளுக்கே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

கையில் இருந்த கையுறையை அப்போதுதான் உள்ளே திருப்பிப் பார்த்தாள். குழந்தைகள் காப்பகத்தில் எல்லாத் துணியிலும் பேர் தைத்து அனுப்பச் சொல்வார்கள். சின்னத் துணிப் பட்டையில் நீல நூலில் தைத்திருந்தது: ஹில்லா.

மகள் ரீக்காவின் குழந்தை. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி, அப்புறம் இர்மேலி அந்தக் குழந்தையைப் புகைப்படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ரீக்கா பிரசவத்துக்குப் போய்ச் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். புருஷனும் கூடவே இருந்ததால் பக்கத்து ஊர் சோட்கமோவில் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. இர்மேலி சும்மா இருப்பாளா? சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள், துடைத்தாள், பெருக்கினாள். குழந்தையின் அறைச் சுவரில் நீலமும் பச்சையுமாக யாரோ கிறுக்கி வைத்த மாதிரி இருந்தது. பிறந்த குழந்தை படுக்கிற அறை இப்படியா இருப்பது என்று நல்ல உசத்தியான வெள்ளைப் பெயிண்ட் வாங்கி அடித்துவிட்டாள். அது கிறுக்கல் இல்லை. ரீக்காவும் அவள் புருஷனும் இலையுதிர் காலம் முழுக்க, அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏணிமேல் நின்று, கையால் வரைந்த காடு. நரி, முயல், கலைமான் எல்லாம் இருந்ததாம். பாதிதான் முடிந்திருந்தது.

'நான் கூப்பிடற வரைக்கும் இந்த வீட்டுக்கு வராத' என்றாள் வீடு திரும்பிய ரீக்கா. 'நல்லது செஞ்சதுக்குக் கூலியா? நீ கூப்பிட்டாலும் வரமாட்டோம், ரெண்டு பேருமே' என்று இவள் கத்தினாள். திரும்பி வரும் வழியில் தைஸ்டோவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. அவனும் சரி என்றான். தைஸ்டோ சரி என்றால் சரிதான்.

இர்மேலி மறுபடி போன் போட்டாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஹில்லாவோட கையுறை சீட்டுக்கு அடியில கெடந்தது" என்றாள்.

போர்வையை உதறும் சத்தம் கேட்டது.

"நான் படிய மிதிக்கல இர்மேலி" என்றான் தைஸ்டோ. "சொன்ன சொல்லு சொன்னதுதான். வாசல்ல வண்டிய நிறுத்தி, அவங்க கம்பத்துல செருகிட்டு, கார்லயேதான் உக்காந்திருப்பேன். அவங்க வந்து ஏறிப்பாங்க. காபிகூட கார்லதான்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமா! இந்தக் குளிர்ல! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா உனக்கு?"

"சொன்னா நீ சரி பண்ணக் கெளம்பிடுவ."

அவளுக்குச் சுரீர் என்றது. பேச்சைத் திருப்பிக் கேட்டாள்: "அப்புறம் எதுக்கு இந்த இரைச்சலுக்குக் கடைய கூப்பிட்ட? சும்மா இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"கொழந்த இப்ப நெறைய பேசறா. பாட்டு ஓடினாத்தான் மடியில உக்காருவா. பாட்டப் போட்டா அந்த முனகல். அந்த முனகல்ல அவ பேசறது எனக்குக் காதுல விழல. ஒரு வார்த்தயும் விடாம கேக்கணும்னு இருக்கு எனக்கு. அதான்."

இர்மேலி போனை வைத்தாள். மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொண்டாள். கோபம் யார்மேல் என்று தேடிப் பார்த்தாள். தைஸ்டோமேல் போட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை. ரீக்காமேல் போட்டாள், அதுவும் நிற்கவில்லை. வெட்கமாக இருந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, அந்தக் குழந்தை அவன் மடியில் உட்காருகிறது, தன் மடியில் இல்லையே என்று.

"நான் கெளம்பறேன்" என்றாள்.

"கால் மணி நேரம் இருங்க, எர்த்த மாத்திடறேன்."

"இருக்க முடியாது."

"சீட்டு? சீட்டு இல்லாம எப்படிப் போவீங்க?"

"என் சீட்டு இருக்கே, போதாதா?"

பழுதை அப்படியே விட்டுவிட்டு அவள் கிளம்பியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுகூட அவள் கவனத்தில் இல்லை. சோட்கமோவுக்கு நாற்பது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் பனி சுமந்த காடு, நடுவில் வெள்ளை ரோடு. தொங்குகிற ஒயர்கள் ஒவ்வொரு வளைவிலும் முழங்காலில் இடித்தன. போய் என்ன சொல்வது? 'நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன்' என்று ஆரம்பித்துப் பார்த்தாள். 'நீ சொல்லியிருந்தா நான் ஏன் அடிக்கப்போறேன்' என்று இன்னொன்று. மூன்று வருஷமாகக் கண்ணாடி முன் சொல்லி வைத்த வாக்கியங்கள் இருபது இருந்தன. இருபதும் அவள் பக்க நியாயம்தான். இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டித் திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். இரண்டு தடவையும் பின்னால் பனி வழிக்கிற லாரி வந்து ஹாரன் அடித்தது.

மஞ்சள் மர வீடு அப்படியேதான் இருந்தது. முற்றத்தில் ரீக்காவின் வண்டி நின்றது. இர்மேலி கம்பத்துக்கு முன்னால் நிறுத்தி இஞ்சினை அணைத்தாள். இறங்கவில்லை. கூப்பிடாமல் வராதே என்று சொன்ன வீடு. முற்றம் வீட்டில் சேர்த்தியா இல்லையா? தைஸ்டோ இதையெல்லாம் எவ்வளவு யோசித்திருப்பான் என்று அப்போதுதான் தெரிந்தது.

வண்டிச் சத்தம் கேட்டதோ இல்லையோ, வீட்டுக் கதவு திறந்து சிவப்புக் குளிர் உடுப்பில் ஒரு உருண்டை பாய்ந்து வந்தது. பாதி மாட்டிய பூட்ஸ், ஒரு கையில் மட்டும் கையுறை. வந்து பக்கத்துக் கதவை இழுத்துத் திறந்தது.

"கார் தாத்தா!"

உள்ளே பார்த்தது. தாத்தாவைக் காணோம். இருக்கையும் இல்லை. வெறும் இரும்பும் ஒயரும்தான் இருந்தன.

"நீ யாரு?"

"நான்... நான் தாத்தா வீட்டுலேருந்து வரேன்."

"தாத்தா வீடு இந்தக் கார்தானே!" குழந்தைக்கு உதடு பிதுங்கியது. "என் சீட்டு எங்க? நீ எடுத்துட்டியா?"

"ரிப்பேருக்கு... திரும்ப வெச்சுடுவாங்க கண்ணு."

"அது நல்லாத்தானே இருந்துச்சு!"

இதே வார்த்தையை, இதே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று இந்தக் குழந்தையின் அம்மா சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவள் காதில் விழவேயில்லை.

ரீக்கா படியில் வந்து நின்றிருந்தாள், கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. இளைத்திருந்தாள். காரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வெறும் காய்ச்சல்தான்."

"அப்புறம் நீ எதுக்கு வந்த?"

இருபது வாக்கியமும் தொண்டைவரை வந்தன. இர்மேலி தன் பக்கத்துக் கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"அந்தச் சொவரு," என்றாள். "நான் அடிச்சிருக்கக் கூடாது. நல்லது செஞ்சேன்னு சொல்லிட்டே இருந்தேன் இல்ல, அது நல்லது இல்ல. என் தப்புதான் ரீக்கா. முழுக்க என் தப்பு."

ரீக்கா கம்பளிச் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வாயிலிருந்து மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு கோட் அடிச்ச" என்றாள் கடைசியில். "சொரண்டிப் பாத்தோம். வரல."

"மூணு" என்றாள் இர்மேலி. பொய் சொல்ல மனம் வரவில்லை. "மூணு கோட்."

ரீக்காவின் முகத்தில் ஏதோ ஓடியது. சிரிப்பா அழுகையா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவங்களும் உள்ள வரமாட்டாங்களாம்மா? தாத்தா மாதிரியா?" என்று கேட்டது.

"தெரியல" என்றாள் ரீக்கா. இறங்கி வந்து குழந்தையின் கையைப் பிடித்தாள். "வா, கை வெறச்சுப் போச்சு பாரு."

இரண்டு பேரும் படியேறினார்கள். பூட்ஸைத் தட்டிப் பனியை உதறினார்கள். உள்ளே போனார்கள். 'வா' என்று ஒரு வார்த்தை ரீக்கா சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இர்மேலி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

பிறகுதான் கவனித்தாள். கதவைச் சாத்தவில்லை.

மைனஸ் இருபத்து நாலில், வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வீட்டின் சூடெல்லாம் வெண்புகையாகப் படிவழியே கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை இருக்கிற வீடு. மறந்துவிட்டாளா? இந்த ஊரில் பிறந்த எவளும் கதவை மறப்பாளா? அவள் வருவாள், சாத்துவாள் என்று இர்மேலி பார்த்தாள். யாரும் வரவில்லை. உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. கதவு அப்படியே கிடந்தது.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. காரிலிருந்து குதித்து, பனியில் சறுக்கி, சமாளித்து, ஓட்டமும் நடையுமாகப் படியேறிப் போய்க் கதவைச் சாத்தினாள், உள்பக்கமிருந்து.